யூஎஸ்பி புணரியல்: ஊரூர் ஒல்காட் குப்பத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

கையடக்க ஆட்டக் கருவியின் விளிம்பிலுள்ள சிறு துளையில் அயற்கருவி ஒன்றைச் சொருகி, இரண்டையும் ஒன்றாய் இயங்க வைப்பது யூஎஸ்பி புணர்ச்சி எனப்படும். இதில் ஆட்டக் கருவி நிலைமொழி. சொருகப்படும் கீபோர்டு, மவுஸ், பென்டிரைவ், ஹெட்செட், வைஃபை டாங்கிள் முதலியன வருமொழி. நிலைமொழியின் ஈறும் வருமொழியின் முதலும் எப்படிச் சந்திக்கின்றன என்பதைப் பொறுத்தே மற்றதெல்லாம் அமையும். பவணந்தி முனிவர் நன்னூலில் எழுத்துகளுக்குச் செய்ததை இக்கட்டுரை கேபிள்களுக்குச் செய்ய முயல்கிறது.

ஆய்வுக் களம் ஊரூர் ஒல்காட் குப்பம். சென்னை பெசன்ட் நகரில், அடையாறு கடலில் கலக்கும் முகத்துவாரத்துக்குத் தெற்கே, பிரம்மஞான சபையின் தோப்புக்கும் வங்கக் கடலுக்கும் அருகில் உள்ள மீனவர் ஊர் இது. களத்தேர்வுக்கு ஊரின் பெயரே போதுமான காரணம். 'ஊர்', 'ஊர்' என்று பிரிந்து நிற்கும் இரண்டு சொற்கள், ரகர மெய்யின்மேல் ஊகாரம் ஏறி, எதையும் கூட்டாமல் குறைக்காமல் 'ஊரூர்' ஆகின்றன. அதை ஒட்டி நிற்பதோ ஓர் அமெரிக்கக் கர்னலின் பெயர். ஹென்றி ஸ்டீல் ஒல்காட் 1875இல் பிளாவட்ஸ்கி அம்மையார் முதலியோருடன் சேர்ந்து நியூயார்க்கில் பிரம்மஞான சபையைத் தொடங்கியவர். 1882இல் அதன் தலைமையகம் அடையாற்றுக்கு வந்தது. 1894இல் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்காக இந்த வட்டாரத்தில் இலவசப் பள்ளி திறந்தவரும் அவரே. சபையின் முதல் நோக்கம் உலகப் பொதுச் சகோதரத்துவம். யூஎஸ்பியின் முதலெழுத்துக்கும் 'உலகப் பொது' என்றே பொருள். இரண்டில் எந்தப் பொதுமை நடைமுறையில் அதிக தூரம் போயிருக்கிறது என்ற கேள்வி இவ்வாய்வின் எல்லைக்குள் வராது. புணரி என்பது கடலுக்குப் பழைய பெயர் என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். தலைப்புக்கு இதைவிடப் பொருத்தமான கரை கிடைக்காது.

யூஎஸ்பியின் முதல் வரையறை 1996 ஜனவரியில் வெளியானது. இன்டெல் நிறுவனத்தில் அதற்காக உழைத்தவர்களில் முதன்மையானவர் வடோதராவில் படித்த அஜய் பட். செவ்வகமான பழைய ஏ-பின் இரண்டு பக்கமும் ஒன்றுபோலத் தெரியும், ஒரு பக்கமாக மட்டுமே நுழையும். எப்படிச் சொருகினாலும் நுழையும்படி செய்திருந்தால் கம்பியும் சுற்றும் செலவும் கூடியிருக்கும் என்று பட் பிற்காலத்தில் விளக்கியிருக்கிறார். அந்தச் சிக்கனத்தின் பலனை உலகம் இன்றும் அனுபவிக்கிறது. முதலில் சொருகினால் நுழையாது. திருப்பிச் சொருகினால் அதுவும் நுழையாது. மறுபடி திருப்பி, முதலில் வைத்தது போலவே வைத்தால் நுழைந்துவிடும். முதல் முறைக்கும் மூன்றாம் முறைக்கும் என்ன வேறுபாடு என்பதற்கு எந்த உரையாசிரியரும் உரை எழுதவில்லை.

ஆட்டக் கருவிகளில் பழையதான பிரிக் கேமுக்குத் துளையே கிடையாது. இரண்டு பென்சில் செல், விழுந்துகொண்டே இருக்கும் செங்கல், அவ்வளவுதான். இலக்கணப்படி அது தனிமொழி. 2004 டிசம்பரில் ஜப்பானில் வெளியான பிஎஸ்பிக்கு உச்சந்தலையில் ஒரு மினி துளை இருந்தது. அதற்கென்றே செய்த கேமராவும் ஜிபிஎஸ் வாங்கியும் அதன்மேல் ஏறி உட்கார்ந்தன. ஊரார் வீட்டு மவுஸ் எதையும் அது சேர்த்துக்கொள்ளவில்லை. சொந்தத்தில் மட்டும் சம்பந்தம் வைத்துக்கொள்ளும் குடும்பம் போன்றது. கையடக்க ஜிபிஎஸ் கருவிகள் பலவற்றிலும் அதே மினி துளைதான். ஆகையால் கடலடியில் பார் என்னும் பாறைத்திட்டு இருக்கும் இடத்தைக் குறித்து வைக்க அப்பா ஒன்றும், கரையில் ஆட மகன் ஒன்றும் வைத்திருக்கும் வீட்டில், இருவருக்கும் ஒரே கேபிள் என்ற நிலை வரலாம். விடியற்காலையில் அது யார் பையில் இருக்கிறது என்பதில் வழக்கும் வரலாம்.

2014இல் டைப்-சி வரையறை வந்தது. இருபத்துநான்கு முனைகள், எந்தப் பக்கமாகவும் நுழையும். 2017 மார்ச்சில் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச், 2022 பிப்ரவரியில் வந்த ஸ்டீம் டெக் இரண்டிலும் டைப்-சி துளை ஒன்றே ஒன்று. விலை மலிவான ஆர்36எஸ் என்ற சீனக் கருவியில் இரண்டு: ஒன்று சார்ஜ் ஏற்ற, மற்றது அயற்கருவி சொருகும் ஓடிஜிக்கு. பெரிய வீட்டுக்கு ஒரு வாசல், குடிசைக்கு இரண்டு.

இனி விதிகள்.

டைப்-சி ஹெட்செட்டை டைப்-சி துளையில் நேரே சொருகினால் இயல்பு புணர்ச்சி. எதுவும் மாறாது, பாட்டு கேட்கும். இது அரிது. பழைய மவுஸையோ பென்டிரைவையோ எடுத்துக்கொண்டால், அதன் முனை ஏ வடிவம், கருவியின் துளை சி வடிவம். 'மணி' என்பதோடு 'அடித்தான்' நேரே சேர முடியாமல் நடுவில் யகரம் நுழைந்து 'மணியடித்தான்' ஆவது போல, இங்கே நடுவில் ஓடிஜி முனை ஒன்று தேவைப்படுகிறது. அதுவே உடம்படுமெய். நிலைமொழிக்கும் சொந்தமில்லை, வருமொழிக்கும் சொந்தமில்லை. வேண்டும்போது மட்டும் வீட்டில் காணாமல் போகும் இயல்புடையது.

விகாரப் புணர்ச்சி மூன்றும் கண்ணால் காணத்தக்கவை. ஆண்ட்ராய்டு ஓடும் கருவியில் மவுஸைச் சொருகியதும், அதுவரை இல்லாத ஓர் அம்புக்குறி திரையில் வந்து நிற்கும். 'வாழை'யும் 'பழ'மும் சேரும்போது எங்கிருந்தோ ஒரு பகர ஒற்று முளைப்பதைப் போன்ற தோன்றல் இது. காதில் மாட்டும் பழைய 3.5 மி.மீ. ஹெட்போனை டைப்-சியில் இணைக்கும் குட்டி வால், எண்களாக வரும் ஒலியை அலையாக மாற்றித் தருவதால் திரிதல். ஒரே துளை உள்ள கருவியில் கீபோர்டைச் சொருகினால் சார்ஜருக்கு இடமில்லாமல் போவது கெடுதல். மூன்றிலும் பெரும் சண்டைக்குக் காரணமாவது கெடுதலே. இதற்குப் பரிகாரமாக, சார்ஜரையும் துணைக்கருவிகளையும் ஒருங்கே ஏற்கும் ஹப் கடைகளில் கிடைக்கிறது. ரிச்சி தெருவில் கேட்கும்போது 'சார்ஜ் உள்ளே போகிற ஹப்' என்று அழுத்திச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் சும்மா நாலு ஓட்டை உள்ள ஹப்தான் கையில் வரும்.

இவ்வளவும் வெளித்தோற்றம். உள்ளே நடப்பது விருந்தோம்பல். யூஎஸ்பி உலகில் இரண்டு கருவி சந்தித்தால் ஒன்று வீட்டுக்காரர், மற்றது விருந்தாளி. சமமான நட்பு என்பதற்கு இடமே இல்லை. வீட்டுக்காரர் முதலில் 5 வோல்ட் மின்சாரம் தருவார், பிறகுதான் பேச்சு. ஆட்டக் கருவியோ சார்ஜரிடம் போகும்போது விருந்தாளி, மவுஸ் வரும்போது வீட்டுக்காரர். தான் எப்போது யார் என்பது அதற்குத் தெரிய வேண்டும். இதற்காக 2001இல் வந்த துணை வரையறைக்குத்தான் 'ஆன் தி கோ' (ஓடிஜி) என்று பெயர், தமிழில் போகிறபோக்கில். பழைய மைக்ரோ பின்னில் ஐந்து முனைகள் உண்டு. முதலாவது மின்சாரம், இரண்டாவதும் மூன்றாவதும் தரவு, ஐந்தாவது தரை. நான்காவது வேலையற்றது போலச் சும்மா இருக்கும். ஓடிஜி முனைக்குள் அந்த நான்காவதை ஐந்தாவதோடு முடிச்சுப் போட்டிருப்பார்கள். அந்த முடிச்சைத் தொட்டுப் பார்த்த கணத்தில் கருவி, 'ஓகோ, இன்றைக்குச் சோறு போட வேண்டியது நாம்தான்' என்று புரிந்துகொள்ளும்.

டைப்-சியில் அந்த வேலையை 5.1 கிலோ ஓம் மின்தடை ஒன்று செய்கிறது. எறும்பைவிடச் சிறிய இப்பொருளை மிச்சம் பிடித்துவிட்ட மலிவுக் கருவிகள் உண்டு. அவற்றை இருபக்கமும் சி முனை உள்ள கேபிளால் நல்ல சார்ஜரில் மாட்டினால் ஒரு புள்ளிகூட சார்ஜ் ஏறாது. எதிரே யாரும் இருக்கிறார்களா என்று சார்ஜர் தடவிப் பார்த்து, ஒன்றும் தட்டுப்படாததால் மின்சாரமே விடாது. ஒரு முனை ஏ ஆக உள்ள பழைய சார்ஜரும் கேபிளும் இவ்வளவு விசாரிப்பதில்லை, எப்போதும் கொடுத்துக்கொண்டே இருக்கும். புதிய சார்ஜர் மோசம், பழையதுதான் கெட்டி என்ற நம்பிக்கை பல வீடுகளில் நிலைத்ததற்கு இந்த மின்தடையின்மை ஒரு காரணமாக இருக்கலாம்.

மின்சாரம் கொடுத்த பிறகு விசாரணை. குப்பத்துக்குள் புது முகம் ஒன்று நுழைந்தால் 'யாரு வீட்டுப் புள்ள, எந்த ஊரு, என்னா வேலையா வந்தே?' என்று கேட்பார்களே, அதேதான். வந்த கருவி தன்னைச் செய்த நிறுவனத்தின் எண், தன் எண், தன் வகுப்பு எண் ஆகியவற்றை ஒப்புவிக்க வேண்டும். கீபோர்டு, மவுஸ் வகுப்புக்கு எண் 3. பென்டிரைவ் வகுப்புக்கு 8. ஹப்புக்கு 9. விசாரணையின் தொடக்கத்திலேயே 1 முதல் 127க்குள் ஒரு கதவிலக்கமும் ஒதுக்கப்பட்டுவிடும். அதாவது கோட்பாட்டளவில் ஓர் ஆட்டக் கருவியோடு ஹப்புகள் உட்பட 127 கருவிகளை இணைக்கலாம். அத்தனையையும் இணைத்துவிட்டு ஆட்டக் கருவியை எங்கே வைப்பது என்று வரையறை சொல்லவில்லை. இலக்கம் கிடைத்த பிறகும் விருந்தாளி தானாக வாய் திறக்கக் கூடாது. சாதாரண மவுஸை வீட்டுக்காரர் விநாடிக்குச் சுமார் 125 முறை 'ஏதாச்சும் உண்டா?' என்று கேட்பார். மவுஸ் 125 முறையும் 'இல்லை' என்னும். யாராவது அசைத்தால்தான் பதில் மாறும்.

விருந்தோம்பலுக்கும் அளவு உண்டு. யூஎஸ்பி 2.0 வரையறைப்படி விருந்தாளிக்குத் தரவேண்டியது அதிகபட்சம் 500 மில்லி ஆம்பியர், அதாவது 2.5 வாட். கீபோர்டு அதில் கொஞ்சத்தைக் கொறித்துவிட்டுச் சும்மா இருக்கும். உள்ளே தட்டு சுழலும் ஹார்டு டிஸ்க் அப்படியல்ல. சுழலத் தொடங்கும் நொடியிலேயே மொத்தப் பந்தியையும் கேட்கும். சின்னக் கருவியின் திரை ஒருமுறை மங்கி, அணைந்து, மறுபடி தொடக்கப் படத்தில் வந்து நிற்கும். சேமிக்காத ஆட்டம் போனது போனதுதான்.

கேபிள் பற்றித் தனியே ஒன்று சொல்ல வேண்டும். முகத்துவாரத்தின்மேல் உடைந்த பாலம் ஒன்று நிற்கிறது. 1977இல் அதன் ஒரு பகுதி சரிந்தது, பிறகு கட்டப்படவில்லை. தூரத்திலிருந்து பார்த்தால் முழுப் பாலம் போலத்தான் இருக்கும், நடந்து போனால்தான் நடுவில் இல்லை என்பது தெரியும். 'சார்ஜ் கேபிள்' என்ற பெயரில் இலவசமாக வருகிற சில கேபிள்கள் இப்பாலத்தின் உறவினர்கள். வெளியே முழுமை, உள்ளே மின்சாரத்துக்கும் தரைக்குமான இரண்டு கம்பி மட்டும், தரவுக் கம்பி இல்லை. இத்தகைய கேபிளால் ஆட்டக் கருவியைக் கணினியோடு இணைத்து, அரை மணி நேரம் அமைப்புகளை மாற்றிப் பார்த்து, கடைசியில் கருவியைத் திட்டுவது மரபு. திட்டுவதற்கு முன் கேபிளை மாற்றிப் பார்ப்பது புதுநெறி.

நிலத்தின் தன்மை புணர்ச்சியைப் பாதிக்கும் என்பதற்குக் குப்பமே சான்று. துளைக்கு ஆங்கிலத்தில் 'போர்ட்' என்று பெயர், துறைமுகம் என்றும் அதற்குப் பொருள். தமிழில் ஆறு கடல் சேருமிடம் முகத்துவாரம். துவாரம் என்றால் துளையேதான். அடையாற்று முகத்துவாரம் அலை கொண்டுவரும் மணலால் அடிக்கடி அடைபடும், இயந்திரம் வைத்துத் திறந்துவிடுவார்கள். டைப்-சி துளையின் கதையும் இதுவே. மாலை வேளையில் கரையேற்றிய பைபர் படகின் விளிம்பில் உட்கார்ந்து ஆடிவிட்டு, கருவியைக் கால்சட்டைப் பையில் போட்டால், மணலும் பஞ்சும் சேர்ந்து துளையின் அடியில் கெட்டியாக அமரும். பின் முழுதும் இறங்காது. லேசாகத் தொட்டாலே 'லூஸ் கான்டாக்ட்' வந்து, இணைவதும் பிரிவதுமாக இருக்கும். தூர் வாரப் பல்குத்தும் குச்சி உகந்தது. ஊக்கு கூடாது: துளையின் நடுவே உள்ள நாக்கில் முனைகள் அரை மில்லிமீட்டர் இடைவெளியில் நிற்கின்றன. கருவியை அணைத்துவிட்டுத்தான் தொட வேண்டும்.

ஊதலாமா என்பதில் இரண்டு கலை உண்டு. ஊதும் கலையார், டிவி கேமின் மஞ்சள் கேசட்டை ஊதி ஊதி மாட்டிய தலைமுறையின் வழிவந்தவர்கள். ஊதினால் ஓடியது என்பது அவர்கள் பிரமாணம். ஊதாக் கலையார், கேசட் ஓடியது கழற்றி மாட்டியதால், ஊதியதால் அல்ல என்பர். நெற்றியில் நாமம் இல்லாவிட்டாலும் சண்டை அந்த அளவுக்கே போகிறது. இக்கட்டுரை ஊதாக் கலையின் பக்கம். வாயிலிருந்து வருவது வெறும் காற்றல்ல, ஈரமும் சேர்ந்தே வருகிறது. கொண்டல் வீசும் நாளில் உப்பும் ஈரமும் ஏற்கெனவே துளைக்குள் இருக்கும். உப்பு, ஈரம், 5 வோல்ட் மூன்றும் கூடினால் மின்பகுப்பு தொடங்கும். முனைமேல் பூசிய மெல்லிய தங்கப்பூச்சில் கீறல் இருந்தால், அடியிலுள்ள செம்புக் கலவை அரித்துப் பச்சை பூக்கும். அந்தப் பச்சையைக் கண்ட பிறகு செய்ய அதிகம் இல்லை, துளையை மாற்றக் கடைக்குத்தான் போக வேண்டும். நனைந்த கருவியை அரிசி டப்பாவில் புதைப்பதாலும் பெரிய பயனில்லை. அரிசி மாவுதான் புதிதாகத் துளைக்குள் சேரும். அணைத்து, துளை கீழ்நோக்கி இருக்கும்படி, காற்றோட்டமான இடத்தில் ஓரிரு நாள் வைத்துப் பிறகு சொருகுவதே முறை.

டைப்-சி துளை 10,000 முறை சொருகி எடுப்பதைத் தாங்க வேண்டும் என்பது வரையறை. பழைய ஏ வடிவத்துக்கு அது 1,500தான். நாளுக்குப் பத்து முறை சொருகினாலும் டைப்-சி ஆயிரம் நாள் வரும். ஆனால் அக்கணக்கு சுத்தமான கைக்குப் போட்டது. ஆகவே இறால் உரித்த கையோடும் மீன் ஆய்ந்த கையோடும் பின்னைத் தொட வேண்டாம். முதலில் கையைக் கழுவி, துடைத்து, ஈரம் காய்ந்த பிறகு சொருகவும்.