பல் போனபின் சட்டம் வரும்

திருவண்ணாமலையில் சின்னப் பல் மருத்துவமனைகளின் நிர்வாகம் எளிமையானது. டாக்டரே தலைவர், அவரே அறங்காவலர் குழு. கல்லாப்பெட்டி வீட்டுக்காரம்மா வசம். கருவிகளைச் சுத்தம் செய்யும் பொறுப்பு மட்டும், போன மாதம் சேர்ந்த பத்தாவது படித்த பெண்ணிடம். பௌர்ணமியன்று அவளும் லீவு. கிரிவலக் கூட்டத்தில் பஸ் ஊருக்குள் வராது. ஆட்டோகிளேவில் 121 டிகிரி நீராவி 15 நிமிடம் நின்றதா என்பது அண்ணாமலையாருக்கே வெளிச்சம்.

அரசு சும்மா இருந்ததாகச் சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் தனியார் மருத்துவமனைகளை ஒழுங்குபடுத்த 1997-லேயே சட்டம் போட்டாயிற்று. அதற்கான விதிகள் 2018-ல் வந்தன. சட்டம் வந்த அன்று பால்பல் விழுந்த பையன், விதி வருவதற்குள் கடைவாய்ப்பல்லுக்கு வேர் சிகிச்சை முடித்து, பெண் பார்க்கவும் போயிருப்பான்.

பக்கத்து மாவட்டத்து வாணியம்பாடி விஷயத்தில் சிரிப்பு வரவில்லை. அங்கே 2023 வாக்கில் ஒரு பல் மருத்துவமனையோடு தொடர்புடைய 10 பேருக்கு மூளையைத் தாக்கும் மெலியாய்டோசிஸ் என்ற பாக்டீரியாத் தொற்று கண்டது. 8 பேர் இறந்தார்கள். 2025-ல் வெளியான ஆய்வு ஒரு சலைன் பாட்டிலைக் கைகாட்டியது. வாய்க்குள் போகும் கருவியாலேயே அதைத் திறந்து, அரைகுறையாக மூடி, அடுத்தவருக்கும் ஊற்றியிருக்கிறார்கள்.

ஆளுக்கொரு பாட்டில் உடைத்தால் கட்டுப்படியாகாது என்று ஒரு தலைவர் சொல்லக்கூடும். வாசலில் அவர் சிரிக்கும் இம்பிளாண்ட் பேனருக்கு ஆன செலவில் பெட்டி பெட்டியாக சலைன் வாங்கலாம்.