டவர் ஸ்பீக்கரும் பத்துக்குப் பன்னிரண்டு காம்பராவும்

மாத்தளைப் பக்கம் ஒரு வீடு முன்னேறிவிட்டதை ஊருக்கு அறிவிக்க நிச்சயமான வழி ஒன்று உண்டு: ரீவியின் இரு பக்கமும் துவாரபாலகர்போல் டவர் ஸ்பீக்கர் இரண்டை நிறுத்திவிடுவது. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலிருந்து பஸ்ஸில் வந்தாலும், திருகோணமலை வீதிக் கடையிலிருந்து ஓட்டோவில் வந்தாலும், பெட்டியைப் பிரிப்பதற்கு முன்னரே மரியாதை வந்து இறங்கிவிடும். இதில் தவறொன்றுமில்லை. மரியாதைக்காக வாங்கும் சாமான்களில் இது ஒன்றாவது பாடவும் செய்கிறது. ஆனால் வீட்டுக்குள் தியேட்டர் வேண்டும் என்பதுதான் நோக்கம் என்றால், ஸ்பீக்கரைத் தெரிவு செய்யவேண்டியது கடைக்காரருமல்ல, வாங்குபவருமல்ல, அறை. அதன் சம்மதம் இல்லாமல் செய்த தெரிவு, பெண்ணைக் கேட்காமல் குறித்த முகூர்த்தம்.

லயத்துப் பழைய காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி என்பது தோட்டங்களில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. மலையகத்தில் இந்திய வீடமைப்புத் திட்டத்தில் எழுந்த புது வீடும், குசினி உட்பட, மொத்தம் 550 சதுர அடிதான். ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 343 மீற்றர் ஓடுகிறது. பன்னிரண்டடி இடைவெளியில் எதிரெதிராக நிற்கும் சுவர்களுக்கு நடுவே அது போய்வரும்போது, 47 ஹேர்ட்ஸ் அளவில் அறையே முழங்கத் தொடங்கும். பத்தடிச் சுவர்களுக்கு நடுவே 56 ஹேர்ட்ஸில். டவருக்கென்று கூடுதலாகக் கொடுக்கும் காசு பெரும்பாலும் இந்த அடித்தொனிக்குத்தான் போகிறது. அறை இலவசமாகத் தரும் முழக்கத்தின்மேல், தவணைக்கு வாங்கிய முழக்கத்தையும் கொட்டுகிறோம். விளைவாக, சுவரோரம் குந்தியிருப்பவரின் வயிற்றுக்குள் கதாநாயகனின் மோட்டார் சைக்கிள் ஓடும். அறையின் நடுவே நல்ல கதிரையில் அமர்த்தப்பட்ட மாமாவுக்கு அது வெறும் சைக்கிள்.

மேலும், ஹோம் தியேட்டர் என்றால் சப்வூஃபர் ஒன்றும் கூடவே இருக்கும். 80 ஹேர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்ட ஒலியை அதற்கு அனுப்பிவிடுவதே வழக்கமான ஏற்பாடு. அப்படியானால் டவரின் வூஃபர்களுக்கு முழுச் சம்பளத்தில் அரைநாள் வேலை. சப்வூஃபரும் அதே அறையில்தானே முழங்கப்போகிறது என்று கேட்கலாம். முழங்கும், ஆனால் அதை இடம் மாற்றலாம். அவ்வளவு தாழ்ந்த ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதுக்குச் சரியாகப் பிடிபடாது. ஆகவே அறை எங்கே அடங்குகிறதோ அங்கே தள்ளிவைக்கலாம். டவருக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. ரீவியை விட்டு அசைந்தால் படம் ஒரு பக்கமும் சத்தம் ஒரு பக்கமுமாகிவிடும்.

சின்னப் பெட்டியில் என்ன சத்தம் வரும் என்பது அடுத்த ஆட்சேபம். 1954இல் எட்கர் வில்ச்சூர் கொண்டுவந்த ஏ.ஆர்.-1 ஸ்பீக்கர் இதற்குப் பதில் சொல்லி எத்தனையோ காலமாகிறது: மூடிய சிறு பெட்டியிலும் ஆழமான அடித்தொனி வரும். அதற்கு விலையும் உண்டு. சிறிய உருவம், ஆழ்ந்த தொனி, குறைந்த மின்சாரத்தில் உரத்த சத்தம் ஆகிய மூன்றில் இரண்டைத்தான் பெறலாம் என்பது ஹாஃப்மனின் விதி. பெரிய பெட்டிக்காரர்கள் இங்கே வென்றார்கள் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் பன்னிரண்டடி அறையில் யாருக்கு உரத்துச் சொல்லப்போகிறோம்? வாட் கணக்கும் அவ்வளவாகக் கைகொடுக்காது. சத்தம் இருமடங்காகக் கேட்க மின்சக்தி ஏறத்தாழ பத்து மடங்கு வேண்டும். சில பெட்டிகளில் 5000 வாட் என்று அச்சடித்திருப்பார்கள். 230 வோல்ட்டில் 5 அம்பியர் பிளக் தரக்கூடியதோ 1150 வாட். மீதியைத் தருவது அச்சகம்.

மாசி மகத்தில் முத்துமாரியம்மனின் ஐந்து தேரும் மாத்தளை வீதிக்கு வரும்போது பெரிய ஸ்பீக்கர்கள் நன்றாகத்தானே கேட்கின்றன என்பார்கள். அங்கே எதிரொலிக்கும் நான்கு சுவர்களும் கூரையும் இல்லை. ஒலி போன வழியே போய்விடுகிறது. அதற்கும்கூட நேரக்கட்டுப்பாடு வந்துவிட்டது: இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை ஒலிபெருக்கிக்குப் பொதுவாக அனுமதி கொடுக்கக்கூடாது என்று 2007இல் உயர் நீதிமன்றம் சொன்னது. வீட்டு ஹோலுக்கு அந்தத் தீர்ப்புத் தேவையில்லை, ஒற்றைச் சுவருக்கு அப்பால் படுத்திருக்கும் அக்காவின் தீர்ப்பே போதும். அவருக்குப் பயந்து சத்தத்தைக் குறைத்தால் முதலில் மறைவது அடித்தொனி. குறைந்த சத்தத்தில் தாழ்ந்த ஒலி காதுக்குச் சரியாக எட்டுவதில்லை என்று ஆய்வாளர்களான ஃப்ளெச்சரும் மன்சனும் 1933இலேயே அளந்து காட்டிவிட்டார்கள். காசு கொடுத்து வாங்கியது, அக்கா விழித்திருக்கும்போது மட்டுமே வேலை செய்யும்.

டவர் யாருக்குமே பொருந்தாது என்பதல்ல வாதம். விசாலமான ஹோல் உள்ளவர், சப்வூஃபர் இல்லாமல் பாட்டு மட்டும் கேட்பவர், பெட்டியைச் சுவரிலிருந்து இரண்டு மூன்றடி தள்ளி வைக்க இடமுள்ளவர் தாராளமாக வாங்கலாம். சின்னப் பெட்டிக்கு ஸ்டாண்ட் போட்டால் அதுவும் அதே அளவு தரையைத்தான் பிடிக்கும் என்பதையும் மறுக்கமுடியாது. மற்றவர்களுக்குச் சிறு பெட்டி இரண்டு, வசனம் தெளிவாகக் கேட்க நடுவே ஒன்று, ஒரு சப்வூஃபர், மிஞ்சும் காசுக்குக் கனமான திரைச்சீலை என்பதே கணக்கு. மரியாதைக்கு வாங்குபவர் இருப்பதிலேயே உயரமானதை வாங்கட்டும். வயர் கொடுக்கவேண்டும் என்றுகூட இல்லை. மரியாதையும் வேண்டும், படமும் நன்றாகக் கேட்கவேண்டும் என்பவர் முதலில் மேசனைக் கூப்பிடட்டும்.