வருகிறது பாருங்கள்!

ஹாம்பர்க் நகரத்துப் பவர் மெட்டல் ரசிகர், தமக்குப் பிடித்த குழுக்களின் சின்னங்களைத் தைத்த கையில்லாத ஜீன்ஸ் சட்டையை மாட்டிக்கொண்டு, புதிதாக வந்த இசைத்தட்டைச் சுழலவிட்டு எதிரே அமரும் தோரணையைக் கண்டவர்களுக்கு, சம்பந்தி வீட்டார் கொண்டுவந்து இறக்கிய சீர்வரிசையைத் தாம்பாளம் தாம்பாளமாகச் சரிபார்க்கும் பெரியம்மாவின் ஞாபகம் வராமற் போகாது. முதலில் ஒரு நிமிஷத்துக்குக் குறையாமல் வாத்தியக் கோஷ்டியும் கூட்டுப் பாடகர்களும் முழங்க வேண்டும், முழங்குகிறார்கள். அதன் பிறகு டிரம்ஸ்காரர் இரண்டு கால்களாலும் பேஸ் டிரம்மை ஓயாமல் மிதிக்க, பாடகர் மனித சரீரத்துக்கு விதிக்கப்பட்ட ஸ்தாயியைத் தாண்டிக் கூவ வேண்டும், கூவுகிறார். நடுவில் பியானோவுடன் ஒரு சோக கீதம், முடிவில் பத்து நிமிஷத்துக்கு மேற்பட்ட ஒரு பாட்டு, அட்டையில் வாளும் டிராகனும், எல்லாம் கிரமப்படி இருக்கின்றன.

ஆனால் அவருடைய ஜீவன் தங்கியிருப்பது கடைசிப் பல்லவியில். பல்லவி பல முறை வந்துபோய், இனி இதில் செய்வதற்கு ஏதுமில்லை என்று கேட்பவர் நிம்மதி அடையும் தருணத்தில், சுருதியைத் திடீரென்று ஒரு படி உயர்த்தி அதே பல்லவியை மறுபடியும் பாடுவது இந்தச் சங்கீதத்தின் புராதன உபாயங்களில் ஒன்று. அந்த உயர்வுக்குச் சற்று முன்னதாகவே நம்மவருடைய புருவங்கள் உயர்ந்துவிடுகின்றன. வலது கை விரல்களை விரித்துக்கொண்டு மேலே எழும்புகிறது. இடது கை பக்கத்தில் இருப்பவரின் முழங்காலில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டுகிறது. "வருகிறது பாருங்கள்!" வருகிறது. வந்ததைக் கண்டு அவர் அடைகிற ஆச்சரியமோ, முதன்முதலாகச் சமுத்திரத்தைப் பார்த்தவருக்கும் வாய்க்காது. அந்த க்ஷணத்தில் நான் தண்ணீர்க் குவளையை எடுக்கக் குனிந்துவிட்டால், ஊசியைத் தூக்கிப் பின்னுக்கு வைத்து, எனக்காகவே இன்னொரு தரம் உயர்த்திக் காட்டுவார்.

இவ்வூர் ஹெலோவீன் குழுவினர் 1987இலும் 1988இலும் 'கீப்பர் ஆஃப் தி செவன் கீஸ்' என்ற இரண்டு பாகங்களால் இதற்கெல்லாம் லக்ஷணம் வகுத்தவர்கள். அவர்களே 1993இல் 'கமீலியன்' என்ற ஆல்பத்தில் பித்தளை ஊதுவாத்தியங்களையெல்லாம் சேர்த்துப் பரீட்சை செய்தார்கள். ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். பாடகர் மைக்கேல் கிஸ்கே அவ்வருஷமே குழுவைவிட்டு விலக நேர்ந்தது. நம்மவர் வீட்டில் அந்த ஆல்பத்தின் பெயரை உச்சரிப்பது அபசாரம். பல வருஷங்களுக்குப் பின் கிஸ்கேயும், அவருக்கு முன்பே விலகியிருந்த கிதார்க்காரர் கை ஹான்சனும் திரும்பி வந்து, 2021இல் எல்லோருமாகச் சேர்ந்து வெளியிட்ட ஆல்பம், சம்பிரதாயத்தைக் கைவிடாமல், 12 நிமிஷப் பாட்டொன்றுடன் முடிந்து, ஜெர்மனியின் விற்பனைப் பட்டியலில் முதல் இடத்தையும் பிடித்தபோது, மனிதர் தாடி நனைய அழுதார். அன்று அவரைப் பரிகாசம் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

ஆயினும் ஒன்று கேட்கிறேன். வரப்போவது இன்னதென்று அவருக்குத் தெரியும், பாடுகிறவருக்குத் தெரியும், சுவருக்கு அப்பால் குடியிருக்கும் கிழவிக்குங்கூட இதற்குள் தெரிந்திருக்கும். அப்படியிருக்க என்னைத் தட்டி எழுப்புவானேன்? வாதம் கண்டிருப்பது என் வலது முழங்காலில். அவர் எப்போதும் எனக்கு வலப்பக்கமாகவே வந்து உட்காருகிறார்.