ஒற்றைத்தள வீடு கொள்ளல்: நாகை வழக்கை முன்வைத்து ஒரு முதற்கட்ட ஆய்வு

1. ஆய்வின் தேவை

நாகப்பட்டினத்தைப் பற்றி எழுதியோர், 1658இல் போர்த்துகீசியரிடமிருந்து அதை டச்சுக்காரர் பிடித்ததை எழுதினர். 1781இல் டச்சுக்காரரிடமிருந்து ஆங்கிலேயர் பிடித்ததையும் எழுதினர். முட்டிவலிக்காரர் ஒருவர் பணி ஓய்வுப் பணத்தை வைத்துக்கொண்டு, மாடியில்லாத வீடு ஒன்றை அவ்வூரில் பிடிக்க முயல்வதை மட்டும் ஒருவரும் எழுதவில்லை. கோட்டை பிடித்தவர்களிடம் யாரும் பட்டா கேட்கவில்லை என்பதை இவ்வறிஞர்கள் கவனிக்கத் தவறினர்.

2. வரையறை

ஒற்றைத்தள வீடாவது, தன் மேல் வேறு வீடு இல்லாத வீடு. இதற்கு மறுப்பு 6ஆம் இயலில் காண்க.

3. வகைப்பாடு

கூரை வீடு: விற்பனைக்கு வருவது மனை, கூரை அதன்மேல் தற்செயலாக இருப்பது.

ஓட்டு வீடு: திண்ணை, ரேழி, முற்றம், கூடம் என்று நீண்டு கொல்லைக் கிணற்றில் முடிவது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரை கடந்தபின், இதில் வாழ்வோர் வானிலை அறிக்கை தவிர வேறு இலக்கியம் கற்பதில்லை.

தளம் போட்ட வீடு: நம் ஆய்வுப்பொருள்.

4. அளவையியல்

தரகர் சதுர அடியில் பேசுவார். பத்திரம் சென்ட்டில் பேசும். வீட்டுக்காரரின் தாயார் குழியில் பேசுவார். 144 சதுர அடி ஒரு குழி, 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி என்பது டெல்டா வாய்பாடு. மூவர் சொல்லும் அளவும் ஒத்துப்போனால் யாரோ பொய் சொல்கிறார்கள் என்று கொள்க (தரகர் வாக்கு, வண்டி ஓட்டியபடியே தலையைத் திருப்பிச் சொன்னது).

5. ஆவணவியல்

மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று ஆகியவற்றோடு 7 விழுக்காடு முத்திரைத் தீர்வையும் 2 விழுக்காடு பதிவுக் கட்டணமும் வேண்டும். இவற்றுக்கு நாகை வட்டாரத்தின் தலையாய முன்னோடி ஆனைமங்கலச் செப்பேடு. முதலாம் இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் நாகைச் சூடாமணி என்ற பௌத்த விகாரத்துக்கு ஆனைமங்கலத்தை அளித்ததை 21 செப்பேடுகள் விரிக்கின்றன. பெண் யானையை எல்லை சுற்றி நடக்கவிட்டு, கல்லும் கள்ளியும் நட்டு, நான்கெல்லை குறித்தார்கள். யானை அடுத்த வாரம் வரச் சொன்னதாகக் குறிப்பில்லை. இன்று எல்லைக்கல்லுக்காகக் காத்திருப்போர் இதை ஊன்றி நோக்குக.

இம்மூலப்பத்திரம் பின்னர் கடல் கடந்து லெய்டன் போய்ச் சேர்ந்ததால் அதற்கு ‘லெய்டன் செப்பேடு’ என்றே பெயர் வந்துவிட்டது. மூலப்பத்திரத்தைப் பிறர் கையில் கொடுக்கலாகாது என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டா.

6. கம்பியியல்

வெளிப்பாளையத்திலோ காடம்பாடியிலோ ஒற்றைத்தள வீடு பார்க்கப் போகிறவர், கூடத்தையும் அடுப்படியையும் பார்த்துவிட்டு மொட்டை மாடிக்கு அழைத்துச் செல்லப்படுவார். முட்டிவலிக்காக வந்தவர் ஏன் படி ஏற வேண்டும் என்று கேட்கக் கூடாது. மேலே நான்கு மூலையிலும் பில்லர் கம்பிகள் வானை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். “கம்பி விட்டிருக்கு சார், எப்ப வேணும்னாலும் மாடி எடுத்துக்கலாம்” என்பார் வீட்டுக்காரர். அவர் பல்லாண்டுகள் அங்கே வாழ்ந்தும் அந்த ‘எப்ப’ ஏன் வரவில்லை என்பதே இவ்வியலின் வினா.

கம்பி ஐவகைப்படும். நேராக நிற்பது: மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். வளைந்தது: மகன் சென்னையில் ஃபிளாட் வாங்கிவிட்டான். தலையில் பிளாஸ்டிக் பாட்டில் கவிழ்த்தது: துருவுக்கு அஞ்சியோர் நிலை. துணிக்கொடி கட்டியது: துறவு நிலை. சிமெண்ட் பூசி மூடியது: ஞானியர் நிலை, அரிது. (பக்கத்து வீட்டு அம்மாள், மதில்மேல் உரை, முருங்கைப் படலம், ஈரத் துண்டை உதறுமுன் கூறியது. உதறியபின் கூறியது பாடபேதம். அதில் வளைந்த கம்பிக்கு மருமகளே காரணம்.)

கம்பி மரபின் தொன்மைக்கும் நாகையிலேயே சான்றுண்டு. சூடாமணி விகாரத்தைக் கடல் கடந்த கடாரத்து அரசர் சூடாமணிவர்மர் எடுப்பித்ததாகச் செப்பேட்டின் தமிழ்ப் பகுதி சொல்ல, மகன் மாறவிஜயோத்துங்கவர்மர் தந்தை பெயரால் எடுத்ததாக வடமொழிப் பகுதி சொல்கிறது. தந்தை தொடங்க, மகன் முடித்தார் என்பர் அறிஞர். அதாவது, அப்பா கம்பி விட்டார். பிள்ளை மாடி எடுத்தார். அயல்நாட்டில் இருந்த பிள்ளை ஊரில் மாடி எடுத்து முடித்ததற்கு இவ்வாய்வாளர் கண்ட ஒரே சான்று இதுவே (டீக்கடை மெய்க்கீர்த்தி, இரண்டாம் கிளாஸ், ஆற்றிய பதிப்பு, நுரை நீங்கலாக).

இன்னொரு சான்று: 1846இல் ஆங்கில அரசு அதிகாரி வால்டர் எலியட் நாகையில் பார்த்த பழைய செங்கல் கோபுரம் மூன்று நிலை கொண்டது, உட்புறம் உச்சிவரை திறந்தே கிடந்தது. அது பௌத்தருடையதா, வேறெதுவா என்று அறிஞர் பல காலம் வாதிட்டனர். அடுத்த தளத்துக்கு விட்டுவைத்த இடமோ என்று ஒருவரும் ஐயுறவில்லை. 1867இல் சென்னை அரசின் அனுமதியோடு அது இடிக்கப்பட்டதால் நம் கொள்கையை மறுப்பார் இனி இல்லை. சான்று இடிந்தபின் கொள்கை உறுதிப்படுவது வரலாற்றுத் துறையில் புதிதன்று.

நாகூர் தர்காவின் பெரிய மினாரா 131 அடி எழுந்து முடிந்திருக்கிறது. அதன் உச்சியில் கம்பி நீட்டவில்லை. அதைப் பார்த்தபடி வாழும் மனிதர்தாம் பத்தடியில் நிறுத்திவிட்டுக் கம்பி விடுகிறார்கள். ஆய்வேட்டின் கடைசிப் பக்கத்தில் ‘இது மேலாய்வுக்குரியது’ என்று பேராசிரியர்கள் நீட்டிவிடுவதும் இத்தகைய கம்பியே. அதன்மேலும் எவரும் மாடி எடுத்ததில்லை.

ஒரு வேறுபாடு உண்டு. ஆய்வேட்டுக் கம்பியால் யாருக்கும் கேடில்லை. கடலோர உப்புக்காற்றில் நிற்கும் இரும்புக் கம்பி துருப்பிடிக்கும். துருவின் பருமன் இரும்பின் பருமனைவிட இரண்டு மடங்குக்கும் மேல். அது உப்பிக் கான்கிரீட்டை வெடிக்க வைக்க, ஈரமும் உப்பும் விரிசல் வழியே பில்லருக்குள் இறங்கும். வராத மாடிக்காக, இருக்கிற வீடு கெடும்.

7. துணிபு

ஒற்றைத்தள வீடு என்று ஒன்று நாகையில் இல்லை. இன்னும் கட்டாத மாடியின் கீழ்வீடே உண்டு. 2ஆம் இயலின் வரையறை இத்துடன் தள்ளப்படுகிறது.

வாங்குவோர் கவனத்துக்கு: முட்டி வலித்தாலும் ஒருமுறை மொட்டை மாடி ஏறிப் பில்லர் தலையைப் பாருங்கள். விரிசலோ துருக்கறையோ இருந்தால் பொறியாளரை அழைத்துக் காட்டிவிட்டு, விலையைக் குறைத்துக் கேளுங்கள். துருப்பிடித்த கம்பி வில்லங்கச் சான்றில் வராது.