சர்க்குலர் அண்ணா

காலை எட்டு மணிக்குப் பருத்திப்பட்டு ஏரிப் பக்கத்து டீக்கடைக்குப் போனால் அவரைப் பார்க்கலாம். இறுதியாண்டு மாணவர். ஜூனியர்கள் வைத்த பெயர் சர்க்குலர் அண்ணா. ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொன்றிலும் இப்படி ஒருத்தர் உண்டு. நோட்டீஸ் போர்டில் ஒட்டுவதற்கு முன்பே செய்தி இவர் வாய்க்கு வந்துவிடும். ஒட்டவே போகாத செய்தியும் வந்துவிடும் என்பதுதான் சிக்கல்.

"டேய், மேட்டர் தெரியுமா?" என்று டீ கிளாஸைக் கீழே வைப்பார். முன்னும் பின்னும் ஒரு பார்வை. "கல்ச்சுரல்ஸ் அடுத்த வெள்ளிக்கிழமை. சீஃப் கெஸ்ட் யாருன்னு மட்டும் கேக்காத." யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனாலும் ஒரு பெரிய நடிகரின் பெயர் வெளியே வந்துவிடும். விழாவன்று குத்துவிளக்கு ஏற்றுபவர் பக்கத்து வங்கிக் கிளையின் மேனேஜர். "அவருக்குத் திடீர்னு ஷூட்டிங் வந்துடுச்சுடா" என்று நடிகர் சார்பில் வருத்தமும் இவரே தெரிவிப்பார்.

சென்னை ஐஐடியின் கலைவிழாவான சாரங் 1974-இல் மார்டி கிரா என்ற பெயரில் தொடங்கியது, 1996-இல் பெயர் மாறியது என்பதெல்லாம் விரல் நுனியில். போனதுண்டா என்றால் இல்லை. விழாவுக்குப் போவதாகச் சொல்லி ஓ.டி. (ஆன் டியூட்டி) கையெழுத்து வாங்குவதோடு அவர் கடமை முடிந்தது. மிச்சப் பொழுது தியேட்டரில்.

அண்ணா பல்கலைக்கழக செமஸ்டர் ரிசல்ட்டை ஒரு வாரமாக "இன்னைக்கு நைட்டு கன்ஃபார்ம்" என்பார். வெப்சைட் திணறினால், "பாத்தியா, ஏத்திட்டிருக்காங்க!"

ஆனால் அவருடைய சீசன் ஐப்பசி, கார்த்திகைதான். ராத்திரி பத்து மணிக்கு நாலு தூறல் விழுந்தால் போதும், கலெக்டருக்கு முன்னால் இவர் லீவு விட்டுவிடுவார். விடிந்து பார்த்தால் சென்னைக்கு லீவு, திருவள்ளூர் மாவட்டத்தில் பள்ளிகளுக்கு மட்டும். சென்னை மாவட்டத்து அம்பத்தூரில் பெய்த அதே மழையில் திருவள்ளூர் மாவட்டத்து ஆவடிக்காரன் நனைந்துகொண்டே காலேஜுக்குப் போவான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது சென்னையோடு திருவள்ளூருக்கும் சேர்த்து நாள்கணக்கில் லீவு. அண்ணா வாழ்நாளில் சொன்னதெல்லாம் பலித்த வாரம். பாவம், கரண்டும் இல்லை, டவரும் இல்லை, யாரிடம் சொல்வது?

இத்தனை தடவை பொய்த்தும் அவரை யாரும் கைவிடவில்லை. ஆபீஸ் நோட்டீஸில் "தேதி பின்னர் அறிவிக்கப்படும்" என்றிருக்கும். அந்த வாக்கியம் அண்ணாவின் அகராதியிலேயே கிடையாது. தேதி, நேரம், பிரியாணியா தயிர்சாதமா என்பது வரை சொல்லிவிடுவார். அதிலும் நாம் கேட்க ஆசைப்படுகிற பதிலாகப் பார்த்துச் சொல்வார். பொய்யானால் என்ன, ஒரு ராத்திரியாவது நிம்மதியாகத் தூங்கினோமே!

போன மழையில் பிரின்சிபால் ரூம் பியூனே டீக்கடைக்கு வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "தம்பி, நாளைக்கு காலேஜ் இருக்கா?"