செடிக்கு உரம், ஆளுக்கு வளவாளரா?

என்னடா தம்பி, கழுத்துல அட்டை தொங்குது, கக்கத்துல ஃபைல் இருக்கு. செயலமர்வுக்கா? போ, போ. நம்ம அக்கரப்பத்தனையில தேயிலைக்கு அடுத்தபடியா நல்லா வெளையுறது அதுதான். முன்ன போசாக்குக்கு வந்தாங்க, அப்புறம் சேமிப்புக்கு வந்தாங்க. இப்ப வந்திருக்கிறது மனப்பாங்கு மாற்றம். யாரோட மனப்பாங்குன்னு கேட்டுறாத. நம்மளோடதுதான்.

போன தடவை வந்த வளவாளர் ஐயா தங்கமான மனுசன்தான். குறை சொல்லக் கூடாது. பெரிய வெள்ளைத் தாளைச் சுவத்துல ஒட்டி, "தொழிலாளர் ஏன் ஒழுங்காக வேலைக்கு வருவதில்லை?"ன்னு எழுதுனாரு. அடியில சோம்பல், குடி, பொறுப்பின்மை, முன்னேறும் எண்ணமின்மைன்னு வரிசை கட்டுனாரு. தாள் நெறைஞ்சு போச்சு. சம்பளம்னு எழுத எடமில்ல, பாவம். அன்னைக்குக் கூட்டம் ஒம்பது மணிக்குன்னு சொல்லி, பத்தரைக்குத்தான் தொடங்குச்சு. ஏன் ஐயா சுணக்கம்னு கேட்டா, "ரோடு மோசம், மழை வேற"ன்னாரு.

பாத்தியா சங்கதிய? ஐயா பிந்துனா ரோட்டுக் குத்தம். நம்ம தோட்டத்து ராமாயி காலையில பேர் குடுக்குற பெரட்டுக்குப் பிந்துனா ராமாயி குத்தம். ராமாயி வந்த பாதையில மட்டும் வெயிலா அடிச்சுச்சு?

மாமியார் ஒடைச்சா மண்சட்டி, மருமக ஒடைச்சா பொன்சட்டின்னு நம்ம கெழவிங்க அடுப்படியில சொன்னதைத்தான் வெளிநாட்டுக்காரன் பெரிய படிப்பா படிச்சிருக்கான். பேராதனைக் கெம்பஸ்ல படிக்கிற என் பேத்தி சொல்லித்தான் எனக்கே தெரியும். ஃபிரிட்ஸ் ஹைடர்னு ஒருத்தர் 1958ல இதுக்குன்னே புத்தகம் போட்டாராம். ஒருத்தன் ஒரு காரியம் செஞ்சா, அவன் கொணத்தால செஞ்சானா, இல்ல மாட்டிக்கிட்ட எடத்தால செஞ்சானான்னு மத்தவன் மனசு கணக்குப் போட்டுக்கிட்டே இருக்குமாம். அந்தக் கணக்குல வழக்கமா வர்ற பெழைக்கு 1977ல லீ ரொஸ்னு இன்னொருத்தர் பேரு வச்சாரு. எடத்தை மறந்துட்டு ஆளைப் புடிச்சுக்கிறோமாம். அடேங்கப்பா! இதுக்கு அமெரிக்கா வரைக்கும் போகணுமா? விடியக்காலை பெரட்டுக்களத்துல அரை மணி நேரம் நின்னாப் போதாதா?

ஆனாலும் ஒண்ண ரசிச்சேன்டா. ஜோன் மில்லர்னு ஒரு அம்மா, மைசூர் சனங்களையும் சிக்காகோ சனங்களையும் வச்சு ஆராய்ச்சி பண்ணி 1984ல எழுதியிருக்கு. அதுல ஒரு கதை வருது. ஒரு வக்கீல், பின்னால ஒரு ஆளை ஏத்திக்கிட்டு மோட்டார் சைக்கிள்ல கோர்ட்டுக்குப் போறாரு. சக்கரம் வெடிச்சு விழுந்துட்டாங்க. பின்னால இருந்தவனைக் கொண்டு போய் ஆஸ்பத்திரியில போட்டுட்டு, காயம் எப்படின்னு டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம, வக்கீல் கோர்ட்டுக்குப் போயிட்டாரு. பின்னால இருந்தவன் செத்துப் போனான். வக்கீல் ஏன் அப்படிச் செஞ்சாரு? அமெரிக்காப் பக்கம் கேட்டா, பொறுப்பில்லாதவன்னு ஒரே போடு. மைசூர்ப் பக்கம் கேட்டா, கோர்ட்டுல கட்சிக்காரன் காத்துக்கிட்டு இருப்பானே, அதுவும் அவரு கடமைதானே, விழுந்த பதட்டம் வேறன்னு இழுக்குறாங்க. இதுல வேடிக்கை என்னான்னா, ரெண்டு ஊருச் சின்னப் புள்ளைங்களும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் காரணம் சொல்லுச்சாம். வளர வளரத்தான் பார்வை பிரியுது. அப்ப நம்ம பங்களா ஐயாமாரு எல்லாம் எந்த ஊர்ல வளந்தாங்கன்னு கேட்டேன். பேத்தி சிரிச்சா, பதில் சொல்லல.

வெள்ளைக்காரத் துரைமாரும் இந்தப் பாட்டைத்தான் பாடுனாங்க. கூலி நன்றி கெட்டவன், ராவோட ராவா ஓடிப்போவான்னாங்க. ஓடாம? கங்காணிகிட்டப் பட்ட கடன் கழுத்துல. 'துண்டு'ச் சீட்டுக் குடுத்தாத்தான் வேற தோட்டத்துப் படி ஏறலாம். 1921லதான் அந்தத் துண்டு முறையை ஒழிச்சாங்க. கயிறு கட்டுனவனுக்கு நல்ல பேரு, அத்துக்கிட்டு ஓடுனவனுக்குக் கெட்ட கொணம். நல்லாருக்கில்ல?

சரி, ஆளை விட்டுட்டுச் செடி கதைக்கு வா. 1946ல இந்த நாட்டுத் தேயிலைக்குக் கொப்புள நோய் வந்துச்சு. செடிக்கு முன்னேறும் எண்ணம் இல்லைன்னு எவனாச்சும் சொன்னானா? மருந்து தேடுனான். 1925லயே தேயிலைக்குன்னு ஆராய்ச்சி நிலையம் தொடங்கிட்டாங்க. இப்ப அது நம்ம தலவாக்கலையிலதான் இருக்கு. செடி நோஞ்சானா நின்னா மண்ணைச் சோதிக்கிறாங்க, மழையை அளக்குறாங்க, பனியில கருகுச்சான்னு பாக்குறாங்க. 2021ல ரசாயன உரத்தை நிப்பாட்டுனப்ப, கொழுந்து கொறைஞ்சதுக்குக் காரணம் உரம்தான்னு நாடே பேசுச்சு. அதே மலையில, அதே செடியில, கிலோ கொறைஞ்சு அரைப்பேர் வாங்குன பொம்பளையப் பாத்து மட்டும் "கை ஓடல"ன்னாங்க. செடிக்குக் காரணம் மண்ணுல இருக்கு. ஆளுக்குக் காரணம் மண்டையில இருக்கா?

அரைப்பேர்னா என்னான்னு கொழும்புக்காரனுக்கு வெளங்காது, நீ போய்ச் சொல்லு. தோட்டத்துக்குத் தோட்டம் ஒரு கணக்கு. 18 கிலோன்னு வச்சா, 16 கிலோவோட வந்தவளுக்குப் பாதி நாள் கூலி. அவ ஏறுன மலையும் பாதியா? அவளைக் கடிச்ச அட்டை பாதி ரத்தந்தான் குடிச்சுச்சா?

நம்ம வயசாளுங்களும் லேசுப்பட்டவங்க இல்ல. லயத்து முன்னால குந்திக்கிட்டு, "இந்தக் காலத்துப் பயலுங்க சோம்பேறிங்க, கூடை தூக்கமாட்டானுங்க"ன்னு வெத்தலையத் துப்புவாங்க. அந்தச் சோம்பேறிதான் கொழும்புல ஒரு கடையில காலையில இருந்து ராத்திரி வரைக்கும் கால் கடுக்க நிக்கிறான். தீவாளிக்கு வரும்போது தாத்தாவுக்குச் சாரமும் வாங்கிட்டு வாரான். பஸ்ஸுல ஏறுன ஒடனே கொணம் மாறிப்போச்சா? நாளுக்கு ஆயிரம் ரூவா வேணும்னு வருசக்கணக்காத் தொண்டை கிழியக் கத்தி, 2021 மார்ச்சுலதான் அந்த ஆயிரத்தைக் கண்ணால கண்டோம். 1,350 ஆனது 2024ல. அதுக்குள்ள சாமான் வெலை எங்கேயோ போயிருச்சு. பயல் கணக்குத் தெரிஞ்சவன், போயிட்டான்.

மனசை மாத்தவே முடியாதான்னு கேக்குற. ஏன் முடியாது? 1984க்கு முன்ன ஒரே நாளுக்கு ஆம்பளைக்கு ஒரு கூலி, பொம்பளைக்குக் கொறைஞ்ச கூலி. கேட்டா, "பொம்பளை வேலை லேசு"ம்பாங்க. கவ்வாத்து வெட்டுன ஆம்பளை மத்தியானத்தோட வீட்டுக்கு வந்து கால் நீட்டிருவான். லேசு வேலைக்காரி பொழுது சாய்ஞ்சு வந்து அடுப்பு மூட்டுவா. அந்த வருசம் வேலை நிறுத்தம் பண்ணி, கூலியைச் சமமாக்குனாங்க. மனப்பாங்கு மாறட்டும், அப்புறம் கூலி தாரோம்னு குந்தியிருந்தா, இன்னைக்கும் குந்தியேதான் இருக்கணும். கூலி மாறுனப்புறம் பேச்சுத் தானா மாறுச்சு. அடுப்பு மூட்டுறது மட்டும் இன்னும் அவதான், அதுக்குத் தனியா ஒரு நிறுத்தம் பண்ணணும்.

காரியம் முன்ன, மனசு பின்னன்னு படிச்சவங்களும் சொல்லியிருக்காங்க. லியோன் ஃபெஸ்டிங்கர்னு ஒருத்தர், கூட்டாளியோட சேந்து 1959ல ஒரு சோதனை எழுதுனாரு. கெம்பஸ் புள்ளைங்களை உக்கார வச்சு ஒரு மணி நேரம் உப்புச்சப்பில்லாத வேலை வாங்கி, "வேலை சுவாரசியமா இருந்துச்சுன்னு அடுத்தாள்கிட்டச் சொல்லு"ன்னு காசு குடுத்தாங்க. சில பேருக்கு ஒரு டொலர், சில பேருக்கு இருபது. அப்புறம் நெசமாவே எப்படி இருந்துச்சுன்னு கேட்டா, இருபது வாங்குனவன் அலுப்புன்னான். ஒரு டொலர் வாங்குனவன்தான் நல்லாத்தான் இருந்துச்சுன்னான். காசுக்காகப் பொய் சொன்னேன்னு சொல்ல அவனுக்குக் காசு பத்தல, மனசை வளைச்சுக்கிட்டான். இதை மெதுவாப் பேசு தம்பி. சம்பளம் கொறையக் கொறைய வேலையில ஆசை கூடும்னு கம்பெனிக்காரங்க காதுல விழுந்துறப் போகுது.

சரி, நேரமாச்சு, கெளம்பு. பற்றீஸ் குடுத்தா ரெண்டா எடுத்துக்க, ஒண்ணு எனக்கு. வளவாளர் ஐயாவைப் பாத்தா ஒரு வார்த்தை சொல்லு: அடுத்த மனப்பாங்கு மாற்றத்தைத் துரை பங்களாவுல வைக்கச் சொல்லு. ஹெட் ஆபீஸ் ஆளுங்களும் வரட்டும். வெள்ளைத் தாளை நம்ம ராமாயி எழுதட்டும். ஒம்பது மணிக்குன்னா ஒம்பது மணிக்கு நாங்க வந்துருவோம்.