குமாஸ்தா நிரபராதி

அமெரிக்காவில் யூதக் குடும்பங்கள் பலவற்றிலும் ஒரு கதை உண்டு. தாத்தா எல்லிஸ் தீவில் கப்பலை விட்டு இறங்கினார். அவர் சொன்ன பெயர் அங்கிருந்த குமாஸ்தாவின் வாயில் நுழையவில்லை. எரிச்சலில் அவன் எதையோ எழுதித் தள்ளினான். அன்றிலிருந்து இதுதான் நம் பெயர்.

நியூ ஜெர்சியில் என் எதிர்வீட்டு அம்மாவும் இதையே சொன்னார். எழுபதைத் தாண்டிய ஓய்வுபெற்ற ஆசிரியை. தாத்தாவின் பூர்வீகத்தைத் தேடித்தர என்னைப் பிடித்ததற்கு இரண்டு காரணங்கள். நான் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவன், பெயரால் அவதிப்படுபவன். குடும்பப் பெயர் இல்லாத தமிழன் பாஸ்போர்ட்டில் அப்பா பெயரைப் போட்டுக்கொண்டு வந்ததன் பலன், இங்கே எல்லாரும் என் அப்பாவைத்தான் கூப்பிடுகிறார்கள். ஊரில் துண்டைப் போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருக்கும் மனிதருக்கு, ஆவணப்படி, நியூ ஜெர்சியில் இரண்டு பல் பிடுங்கியாகிவிட்டது.

முதலில் குமாஸ்தாவை விசாரித்தேன். எல்லிஸ் தீவு குடியேற்ற நிலையம் 1892 ஜனவரி 1 அன்று திறந்து 1954-ல் மூடப்பட்டது. அதற்குள் சுமார் 1.2 கோடி பேர் அதன் வழியே நுழைந்தார்கள். 1907 ஏப்ரல் 17 அன்று மட்டும் 11,747 பேர். அந்தக் கூட்டத்தில் பெயர்சூட்டு விழா நடத்த எவனுக்கு நேரம்? தவிர, பயணிகள் பட்டியலை ஹாம்பர்க், ரோட்டர்டாம் போன்ற துறைமுகங்களிலேயே கப்பல் கம்பெனிக்காரர்கள் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். தீவில் இருந்தவர்கள் அதைப் பார்த்துக் கேள்வி கேட்டு டிக் அடித்ததோடு சரி. மொழி புரியவில்லை என்ற பேச்சுக்கும் இடமில்லை. பிற்பாடு நியூயார்க் மேயரான லா கார்டியாவே அங்கே மொழிபெயர்ப்பாளராகச் சம்பளம் வாங்கியவர்தான்.

இந்தப் பட்டியல்கள் 2001-ல் இணையத்துக்கு வந்தன. அவற்றில் சுலபமாகத் தேடக் கருவி செய்துகொடுத்தவர் ஸ்டீபன் மோர்ஸ். இன்டெல் 8086 சிப்பை வடிவமைத்தாரே, அதே ஆசாமி. நம் கம்ப்யூட்டர்களின் கொள்ளுத்தாத்தாவைப் பெற்றவர், ஊரார் கொள்ளுத்தாத்தாக்களைத் தேடித்தருகிறார். கிழக்கு ஐரோப்பிய யூதப் பெயர்களை யார் எப்படி எழுத்துக்கூட்டினாலும் ஒலியை வைத்துப் பிடிக்க, 1985-ல் டைட்ச், மொகோடாஃப் என்ற இருவர் ஒரு குறியீட்டு முறையும் வகுத்தார்கள். இத்தனை வலை விரித்தும் எங்கள் தாத்தா சிக்கவில்லை.

கடைசியில் குடியுரிமை மனு அவரைக் காட்டிக்கொடுத்தது. கப்பல், வந்த தேதி எல்லாம் அதில் இருந்தன. கூடவே, 'இனி என் பெயர் இது' என்று நீதிமன்றத்திடம் கேட்டு, தாத்தா அழுத்தமாகப் போட்ட கையெழுத்து. குமாஸ்தாவும் இல்லை, எரிச்சலும் இல்லை. அவரே வெட்டிச் சுருக்கியிருக்கிறார்!

கப்பல் பட்டியலைப் புரட்டினால் அதில் மூன்றாவதாக ஒரு பெயர். அவருடைய அம்மாவின் குடும்பப் பெயர். இதற்கும் காரணம் உண்டு. அவர் பிறந்த கலீசியா அன்று ஆஸ்திரியாவின் கையில் இருந்தது. யூதர்கள் பலர் மதச் சடங்கோடு கல்யாணத்தை முடித்துக்கொண்டு, அரசுப் பதிவேட்டின் பக்கமே போகவில்லை. அரசு அந்தக் கல்யாணத்தை ஒப்புக்கொள்ளாமல், குழந்தைகளை அம்மா பெயரில் எழுதியது. எனக்கு இது ஆச்சரியமாக இல்லை. ஊரே கூடி மூன்று பந்தி சாப்பிட்டுப் போன கல்யாணத்தை, மனைவியின் விசாவுக்காகப் பதிவு அலுவலகத்தில் மறுபடி நிரூபித்தவன் நான்.

பட்டியலில் தாத்தா கச்சிதமாக நிற்கிறார்: வயது 27, தையல்காரர், இனம் ஹீப்ரு, கையிருப்பு 9 டாலர், போய்ச் சேரும் இடம் மைத்துனர் வீடு. பலதார மணக்காரரா? இல்லை. அராஜகவாதியா? இல்லை. 'ஆமாம், நான் அராஜகவாதி' என்று ஒருவன் சொல்வான் என எதிர்பார்த்து ஓர் அரசாங்கம் அந்தக் கட்டத்தை அச்சடித்திருக்கிறது!

சொந்த ஊர் கலீசியாவின் லெம்பெர்க் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். 1910 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அது ஆஸ்திரியா, 1930-ல் போலந்து, இன்று உக்ரைன். ஊர் ஓர் அங்குலம் நகரவில்லை. அதைவிட வேடிக்கை அவர் வயது. கப்பலில் 27 என்றவர், 1910-ல் 28, 1920-ல் 35, 1930-ல் 43. அமெரிக்கத் தண்ணீர் ஒத்துக்கொண்டது போலும். பிறகு 65 வயதானால் பென்ஷன் என்று சட்டம் வந்தது. 1945-ல் தாத்தா விட்ட வருஷங்களை எல்லாம் ஒரே மூச்சில் எட்டிப்பிடித்து, டாணென்று 65-ல் நின்றார்.

நியூயார்க்கில் அவர் கல்லறையையும் பார்த்தோம். ஒரே ஊர்க்காரர்கள் சங்கம் வைத்து, சாவுக்கு முன்பே சேர்ந்து வாங்கிப்போட்ட இடம். யூத வழக்கப்படி கல்லில் அவர் பெயரோடு தகப்பனார் பெயரும் இருந்ததால், இன்னொரு தலைமுறை இலவசமாகக் கிடைத்தது. அந்த அம்மா கல்லின் மேல் ஒரு கூழாங்கல்லை வைத்தார். திரும்பும் வழியில், "ஆனாலும் குமாஸ்தா கதைதான் நன்றாக இருக்கிறது" என்றார். பேரப்பிள்ளைகளுக்கு இன்றும் அதைத்தான் சொல்கிறார்.

நீங்களும் இப்படித் தேடப் போவதானால் குடியுரிமை மனுவில் தொடங்குங்கள். பிறகு கப்பல், பிறகு கல்லறை. வீட்டுக் கதையைக் கேட்டு எழுதி வையுங்கள், ஆனால் அதில் வரும் குமாஸ்தாவை விடுதலை செய்துவிடுங்கள். தாத்தா சொல்லும் வயதை மட்டும், பென்ஷன் ஆபீஸ் உறுதி செய்யும்வரை நம்பாதீர்கள்.